அடுக்குத்தொடர்

வாங்க வந்த ஹஃபீஸ் ஒரு கேள்விதான் கேட்டான்:
"ஏன் இப்படி அதிருது?"

பதினோரு வருடமாக உயர்நிலை இரண்டுக்கு
இரட்டைக்கிளவி நடத்துகிறவள் நான்.
தடதட.
பிரித்துப் பார், ஒற்றைத் 'தட'வுக்குப் பொருளில்லை.
இதை மலாயில் எப்படிச் சொல்ல?
"ரெண்டு சிலிண்டர். அப்படித்தான்" என்றேன்.

யீஷூன், பலமாடிக் கார்நிறுத்தம், 4பி.
சத்தம் மூன்றாம் தளத்தில் திரும்பியது,
இரண்டாம் தளத்தில் திரும்பியது,
சாலையில் ஒரு பேருந்து வந்து அதை மூடியது.
என் கையில் சாவி இல்லாத வளையம்.

புதியது காக்கி புக்கிட்டில் கிடைத்தது.
நான்கு சிலிண்டர், அறுநூறு சிசி, நீலம்,
சிஓஇ இன்னும் ஆறு வருடம் நான்கு மாதம்.
கடைக்காரர் தியோ என் உயரத்தைப் பார்த்தார்,
பையைப் பார்த்தார்,
"வேலைக்கா?" என்றார். நம்பவில்லை.

முதல் வாரம் மணிக்கட்டு வலி.
நிமிர்ந்து உட்கார்ந்து பள்ளிக்குப் போனவள்
இப்போது டாங்கின் மேல் கவிழ்ந்து போகிறேன்,
முதுகில் முப்பத்தெட்டு விடைத்தாள்.
ஆறாயிரம் சுற்றுக்குக் கீழே
இதற்குப் பேச விருப்பமே இல்லை.
பச்சை விழுந்ததும் பழைய பழக்கத்தில் கிளட்சை விட்டேன்,
நின்றுவிட்டது,
பின்னால் டாக்சி ஹாரன்.
மன்னிப்புக் கேட்கும் கையைத் தூக்கினேன்.

கண்ணாடிதான் பெரிய மாற்றம்.
அதில் பின்னால் வந்ததெல்லாம் நடுங்கும் வண்ணக் கறை.
இதில் லாரி ஓட்டுநரின் கொட்டாவி தெரிகிறது,
அவர் டாஷ்போர்டில் தங்க நிற அன்னாசி தெரிகிறது.
இவ்வளவு வேண்டாம் என்றிருக்கிறது சில நாள்.

அஷ்வந்த் குறைப்பட்டான்:
"டீச்சர், முன்ன நீங்க கேட் தாண்டும்போதே
எங்களுக்குக் கேட்டுரும்.
இப்ப வந்து நிக்கிறதே தெரியல."
ஒரே வாரத்தில் நான்கு கைப்பேசி பிடித்தேன்.

தொண்ணூறு என்பது இந்தத் தீவின் அறம்.
இரண்டாம் கியரிலேயே அது முடிந்துவிடும்.
மீதி நான்கு கியரும் சும்மா வருகின்றன,
கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல.
துவாஸிலிருந்து சாங்கி வரைக்கும்
ஒரு முழு வாக்கியம் பேச இடமில்லை இதற்கு.

எனவே ஞாயிறு, விடிகாலை நாலரை, காஸ்வே.
கூலாய் தாண்டிப் பனிமூட்டம்,
இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் யாருமில்லை.
கியரை இரண்டுக்கு இறக்கினேன்.
ஏழாயிரம். எட்டு.
ஒன்பதில் எங்கோ ஒரு கதவு திறந்தது.
அதிர்வு இல்லை. தடதட இல்லை.
நான்கும் ஒரே சொல்லை
ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாமல்
போ போ போ போ

விரைவில் அடுக்கலாம், அச்சத்தில் அடுக்கலாம், மகிழ்ச்சியில்.
எது என்று தேர்வில் கேட்டால்
ஒரு மதிப்பெண் போயிருக்கும் எனக்கு.
நான்குக்கு மேல் அடுக்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது.
முள்ளைப் பார்த்தேன். கையைத் தளர்த்தினேன்.
ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது உட்லண்ட்ஸில் ஒன்றரை மணி நேர வரிசை.
ரேடியேட்டர் விசிறி என் தொடைகளை வேகவைத்தது.
அந்த இரண்டு சிலிண்டர் இவ்வளவு சுட்டதில்லை.
பக்கத்து வரிசையில் அதே ரகம் ஒன்று,
சிவப்பு, வேறு யாருடையதோ,
தடதட, தடதட.
கால் மாற்றி ஊன்றி
அவ்வப்போது நகர்ந்தோம்.
அவன் வரிசைதான் வேகமாகப் போனது.